கோட்டானும் கேமராவும்

(மாவட்ட அளவிலான சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்கள் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பறவைகளைப் படம் எடுப்பது பற்றி நாற்பது நிமிடம் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். எல்லாப் பறவைகளையும் பற்றிப் பேசப் போனால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. அதனால் ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் கோட்டான்.

கோட்டான் என்றதும் இங்கே பாதிப் பேர் மனதில் ஆந்தை வந்திருக்கும். பேச்சுவழக்கில் நாம் ஆந்தையைத்தான் அப்படிச் சொல்கிறோம். "கோட்டான் மாதிரி முழிக்காதே" என்று வகுப்பில் சொல்லாத ஆசிரியர் உண்டா? ஆனால் பறவை நூல்களில் இந்தப் பெயர் கடற்கரைச் சேற்றில் நடக்கும் ஒரு பெரிய பறவைக்கும் உண்டு. பழுப்பு உடம்பு, நீண்ட கால், கீழ்நோக்கி வளைந்த மிக நீண்ட அலகு. கோடுதல் என்றால் வளைதல் என்று தமிழாசிரியர்களுக்குத் தெரியும். அலகைப் பார்த்துவிட்டு இந்தச் சொல்லை நினைத்துக்கொண்டால் பெயர் மறக்காது. இதன் அறிவியல் பெயர் நியூமேனியஸ் அர்குவாட்டா. முதல் சொல் பிறைநிலாவையும் இரண்டாவது சொல் வில்லையும் குறிக்கும். பெயர் வைத்தவர்களும் அலகைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

கரைப்பறவைகளில் இது பெரியது. நீளம் 50 முதல் 60 செ.மீ. இறக்கையை விரித்தால் ஒரு மீட்டர் வரை வரும். பெண்ணின் அலகு ஆணின் அலகைவிட நீளம், 15 செ.மீ. அளவுகோல் ஒன்றை முகத்தில் மாட்டிக்கொண்டு நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் பணிபுரியும் பள்ளி வேதாரண்யம் பக்கத்தில் இருக்கிறது. அறிவியல் பட்டதாரி ஆசிரியை. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள், மீதிப்பேர் உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பள்ளியிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் சேற்றுப்படுகை. கோடியக்கரை 1967-லேயே சரணாலயம் ஆகிவிட்டது. 2002-ல் அந்தப் பகுதி ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளுக்குக் கால்வளையம் இட்டு வருகிறார்கள். இவ்வளவும் இருந்தும், அந்தச் சேற்றைக் காட்டி "இது என்ன இடம்?" என்று கேட்டால், "சும்மா கிடக்குற இடம் டீச்சர்" என்றுதான் பிள்ளைகள் சொன்னார்கள். கேமரா வாங்கியதற்கு அந்தப் பதிலும் ஒரு காரணம். வாங்கியது பழைய பிரிட்ஜ் கேமரா, 28 ஆயிரம் ரூபாய், ஒருவர் பயன்படுத்திக் கொடுத்தது. நீண்ட ஜூம் உண்டு. லென்ஸைக் கழற்றி மாற்றும் வேலை இல்லை. உப்புக் காற்றில் அதுவே ஒரு நிம்மதி.

வலசைப் பறவைகளைப் பற்றி நாம் வகுப்பில் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று இருக்கிறது. "வடக்கே கடுங்குளிர் வந்ததும் அவை நம் நாட்டுக்கு விருந்தாளிகளாக வருகின்றன, குளிர் முடிந்ததும் தாயகம் திரும்புகின்றன." நானும் அப்படித்தான் படித்தேன், எல்லோரும் அப்படித்தான் படித்தோம். ஆறு ஆண்டுகளாக எடுத்த கோட்டான் படங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது அந்த வாக்கியம் என் மேசையிலேயே உடைந்துபோனது.

கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் தேதியும் நேரமும் பதிவாகிவிடும். பன்னிரண்டு கட்டம் போட்ட ஒரு சார்ட்டை வகுப்பில் ஒட்டினோம், மாதத்துக்கு ஒரு கட்டம். எந்த மாதத்தில் எடுத்த படமோ அந்தக் கட்டத்தில் பிள்ளைகள் ஒட்ட வேண்டும். ஆகஸ்டு கட்டத்தில் படம் விழுந்தது. ஆகஸ்டில் சைபீரியாவில் பனி இல்லை. அப்போதே இவை இங்கே வந்துவிட்டன. செப்டம்பர் முதல் மார்ச் வரை எல்லாக் கட்டமும் நிறைந்தது. ஏப்ரலிலும் படம் இருந்தது. பெரிய பறவை ஒன்றின் ஓர் ஆண்டுக் கணக்கைப் போட்டால் எட்டு மாதத்துக்கும் மேல் நம் சேற்றில், போகவர வழியில் கொஞ்சம், முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் இடத்தில் இரண்டு மூன்று மாதம். எட்டு மாதம் தங்குகிறவரை எந்த வீட்டில் விருந்தாளி என்போம்?

ஜூன் மாதக் கட்டத்தில் ஒரு படத்தை ஒட்டிவிட்டு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து கேட்டாள்: "டீச்சர், இது போகாம நிக்கிதே, அடிபட்டுடுச்சா?" அடிபடவில்லை. முந்தைய ஆண்டு பிறந்த இளம்பறவைகள் பல, இனப்பெருக்க வயது வராததால், முதல் கோடையில் திரும்பிப் போவதே இல்லை. நம் கடற்கரையிலேயே தங்கிவிடும். பிறந்து சில வாரத்தில் இங்கே வந்து, ஓர் ஆண்டுக்கும் மேலாக இந்த ஊர்ச் சேற்றிலேயே இருந்து, பிறகுதான் பிறந்த இடத்தைப் பார்க்கப் போகிறது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இது நம்ம ஊருப் பறவைதானே?" என்றாள். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

படங்களில் பிள்ளைகள் கண்டுபிடித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டு முதல் நவம்பர் வரை பறக்கும் கோட்டான் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், இறக்கையில் பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரியும். பழைய சிறகு உதிர்ந்து புதுச்சிறகு வளரும் காலம் அது. டிசம்பர், ஜனவரிப் படங்களில் இடைவெளி கிடையாது. அதாவது ஏப்ரலில் எந்தச் சிறகை வீசிப் பறந்து போகிறதோ, அந்தச் சிறகு நம் சேற்றில் முளைத்தது. நம் நண்டும் புழுவும் போட்ட சிறகு. கோடியக்கரையிலிருந்து மேற்கு சைபீரியாவுக்கு வரைபடத்தில் நூல் பிடித்தால் ஏறத்தாழ 5000 கிலோமீட்டர். இடையில் இமயமலைத் தொடர். சமூக அறிவியல் ஆசிரியர்கள் இந்த நூலை உலக வரைபடத்தில் குண்டூசி குத்திக் கட்டிவிடலாம். எங்கள் பள்ளியில் இன்னும் அது சுவரில் இருக்கிறது.

சரி, படம் எடுப்பது எப்படி என்று கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள்.

கோட்டான் மிகவும் கூச்சமுள்ள பறவை. சின்ன உள்ளான்கள் ஓரளவு பக்கத்தில் விடும். கோட்டானோ நூறு மீட்டருக்கு அப்பாலேயே தலையைத் தூக்கிவிடும். அது கத்திக்கொண்டு எழும்பினால் கூட இருக்கும் மற்றப் பறவைகளும் எழும்பும். அதனால் நான் பறவையை நோக்கிப் போவதே இல்லை. அது வரப்போகும் இடத்தில் முன்னதாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். கடல் வற்ற வற்ற, தண்ணீர் விளிம்பை ஒட்டியே பறவைகள் நகரும். அந்த விளிம்பு எங்கே, எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தால் போதும்.

எங்கள் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் குஜராத் பக்கம் போலப் பல மீட்டர் இருக்காது. ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் தரை தாம்பாளம் மாதிரி தட்டை. ஒரு சாண் தண்ணீர் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு வெளியே வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். இது கணக்கு. ஆனால் வாடைக்காற்று பலமாக வீசினால் இந்தக் கணக்கு எடுபடாது. "நாளைக்கு ஒம்பது மணிக்கு மேலதான் வத்தும் டீச்சர்" என்று கடைசி பெஞ்சுப் பையன் சொன்னால், செல்போன் செயலியை மூடிவிட்டு அவன் சொன்ன நேரத்துக்குப் போவேன். கணக்கில் இருபது மதிப்பெண் எடுக்கும் பையன். கடல் கணக்கில் அவனை நான் மிஞ்ச முடியாது.

சேற்று நிறத்தில் உடை. மணல் நிரப்பிய துணிப்பை ஒன்று. கேமராவை அதன் மேல் வைத்தால் மூன்றுகால் தாங்கி வேண்டாம். உயரத்தைக் குறைத்துக்கொள்வது முக்கியம். நின்று எடுத்தால் பறவைக்குப் பின்னால் சேறுதான் வரும். தரையோடு படுத்து எடுத்தால் பறவையின் கண்ணுக்கு நேராக நம் லென்ஸ் இருக்கும்; பின்னால் தூரத்துத் தண்ணீர், உப்பளக் குவியல், அலையாத்திச் செடிகள் எல்லாம் மங்கலாக வரும். எட்டரை மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் சேற்றில் கானல் எழும்பும். அந்த நேரத்தில் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் அலை அலையாகத்தான் காட்டும். நிற்கும் பறவைக்கு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகம் போதும். பறப்பதற்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வையுங்கள். மற்றதைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்.

பறவை சொல்வதையும் கேட்க வேண்டும். இரை தேடுவதை நிறுத்தி, கழுத்தை நீட்டி, ஒரு கண்ணால் நம்மைப் பார்த்தால் "போதும்" என்று அர்த்தம். அசையாமல் கிடந்தால் மீண்டும் குனிந்து இரை தேடும். கேமராவைத் தூக்கினால் பறந்துவிடும்.

இரண்டு சந்தர்ப்பங்களில் நான் படம் எடுப்பதில்லை. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பறவைகள் மேடான ஒரு திட்டில் கூட்டமாக நின்று ஓய்வெடுக்கும். படத்துக்கு அதைவிட வசதி கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் கிளப்பிவிட்டால் போய் இறங்க வேறு இடம் இல்லை. இன்னொன்று மார்ச் கடைசி, ஏப்ரல். 5000 கிலோமீட்டருக்கு வேண்டிய கொழுப்பை அந்த வாரங்களில்தான் உடம்பில் சேர்க்கிறது. தேர்வுக்கு முந்தைய வாரம் பிள்ளையை யாராவது கல்யாணத்துக்கு அழைத்துப் போவார்களா? கூட்டத்தை விரட்டி, எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பும்போது எடுத்த படங்களைப் பாராட்டாதீர்கள் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் அனுப்பினால், "எப்படி எல்லாம் ஒண்ணா எழும்புச்சு?" என்று கேளுங்கள்.

என்னிடம் உள்ள படங்களில் வகுப்புக்கு மிகவும் உதவியது அழகான படம் அல்ல. தொடர்ச்சியாக எடுத்த பன்னிரண்டு படங்கள். கோட்டான் நண்டு தின்பது. அலகைச் சேற்றுக்குள் முழுசாக விடுகிறது, இழுக்கிறது, நண்டு வருகிறது. விழுங்கவில்லை. நண்டின் காலைப் பிடித்து உதறுகிறது, கால் கழன்று விழுகிறது, அடுத்த கால். கால்கள் போனபின் உடம்பை மட்டும் மேலே தூக்கி விழுங்குகிறது. இந்தப் பன்னிரண்டையும் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வேன். மூன்றாம் வகுப்பில் வரிசைப்படுத்துவார்கள். ஆறாம் வகுப்பில் காரணம் கேட்பார்கள்: ஆழத்தில் அலகைத் திறந்தால் சேறு வாய்க்குள் போகாதா? கோட்டானால் அலகின் நுனியை மட்டும் தனியாகத் திறக்க முடியும். நுனியில் தொடு உணர்வு நரம்புகள் நிறைய இருப்பதால் கண்ணால் பார்க்காத நண்டை அங்கேயே அறிந்து பிடித்துவிடும். ஒரு வாளி மணலில் இரண்டு, ஆறு, பன்னிரண்டு செ.மீ. ஆழங்களில் புளியங்கொட்டையைப் புதைத்து வைத்து, வெவ்வேறு நீளக் குச்சிகளை இரண்டிரண்டாகக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரே சேற்றில் பத்து வகைப் பறவை எப்படிச் சண்டையில்லாமல் சாப்பிடுகிறது என்று நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

இன்னொரு பயிற்சி கணிதத்துக்கு. படத்தைத் தாளில் அச்செடுத்து, தலையின் நீளத்தையும் அலகின் நீளத்தையும் அளக்கச் சொல்வேன். அலகு தலையைப் போல மூன்று மடங்கு வந்தால் கோட்டான். இரண்டு மடங்கு அளவில் நின்று, உச்சந்தலையில் கோடுகளும் இருந்தால் அதன் உறவான சின்னக் கோட்டான். விகிதம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னது பாதிக் கதை. இது கூடு கட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. சைபீரியா நம் சம்பளத்துக்கு எட்டாது. என் தங்கை இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் செவிலியராக இருக்கிறாள். ஒரு கோடை விடுமுறையில், துறையின் தடையின்மைச் சான்று பெற்று, மே மாதம் மூன்று வாரம் அவள் வீட்டில் தங்கினேன். அங்கிருந்து வடக்கே யார்க்ஷயர் டேல்ஸ் என்னும் மலைப்பகுதி. மேலே புதர்நிலம், கீழே வைக்கோலுக்கு வளர்க்கும் புல்வெளிகள், இடையில் சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிய சுவர்கள். கோட்டான் அங்கே கூடு கட்டுகிறது. நமக்கு மே மாதம் விடுமுறை, அதற்கு மே மாதம் பிரசவ காலம். ஆசிரியராக இருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பிள்ளைகளிடம் மாற்றிச் சொல்லிவிடுவீர்கள். யார்க்ஷயரில் நான் பார்த்த கோட்டான்கள் கோடியக்கரைக்கு வருவன அல்ல. அவை குளிர்காலத்தில் பிரிட்டன், அயர்லாந்து, பிரான்சுக் கடற்கரைகளில் தங்கிவிடும். நம்மிடம் வருவது அதே இனத்தின் கிழக்குக் கிளை. மேற்கு சைபீரியாவிலிருந்து பைக்கால் ஏரிக்கும் அப்பால் வரை கூடு கட்டுவது. அலகு இன்னும் கொஞ்சம் நீளம், இறக்கையின் அடிப்பக்கம் இன்னும் வெளுப்பு. ஒரே இனத்தின் இரண்டு வாழிடங்களைப் படம் எடுத்தேனே தவிர, ஒரே பறவையின் இரண்டு வீடுகளை அல்ல.

அங்கே பார்த்தபோது இது அதே பறவைதானா என்று சந்தேகமே வந்துவிட்டது. நம் சேற்றில் தன்பாட்டுக்குத் தலைகுனிந்து நடக்கும் பறவை, அங்கே வானத்தில் ஏறி, இறக்கையை விரித்தபடியே சறுக்கி இறங்கிக்கொண்டு பாடுகிறது. இங்கே "கூர்லீ" என்று ஒரு குரல்தான் கேட்டிருக்கிறோம். அங்கே அது மெல்லத் தொடங்கி, வேகமாகி, தண்ணீர் கொதிப்பதுபோல் பொங்கி வழிகிறது. கேமராவில் அது விழாது. செல்போனில் பதிவு செய்து வந்தேன். பாடவேளை முடியும் மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

மே மாதம் அங்கே இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது, விடியற்காலை ஐந்துக்கு முன்பே உதிக்கிறது. படம் எடுக்க வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. காருக்குள் இருந்தபடி, ஜன்னல் கண்ணாடியை இறக்கி, சுவர்மேல் வந்து நிற்கும் பறவையை எடுத்தேன். நடந்து வரும் மனிதனைக் கண்டு பறக்கும் பறவை, நிற்கும் காரைப் பொருட்படுத்துவதில்லை. நடந்த இடங்களில் பொதுப் பாதையை விட்டு இறங்கவில்லை.

கூட்டைப் படம் எடுக்கவில்லை. தரையில் புல்லுக்குள் சின்னப் பள்ளம், அதில் நான்கு முட்டை, பச்சை கலந்த பழுப்பில் திட்டுத்திட்டாக, அவ்வளவுதான் கூடு. ஆணும் பெண்ணும் மாறி மாறி நான்கு வாரம் அடைகாக்கின்றன. புல்லை மிதித்து ஒருவர் கூட்டுக்குப் போய்வந்தால், அந்தத் தடம் நரிக்கு வழிகாட்டி. தாய்ப்பறவை எழுந்து கத்தினால், வேலியில் உட்கார்ந்திருக்கும் காகம் அதைக் கவனிக்கிறது. அங்கே ஒரு விவசாயி தன் புல்வெளியில் ஓரிடத்தில் மூங்கில் குச்சிகள் நட்டு வைத்திருந்தார். புல் அறுக்கும் இயந்திரம் அந்தச் சதுரத்தை விட்டுவிட்டுப் போகும், உள்ளே கோட்டான் அடை இருக்கிறது என்றார். கிட்டே போய்ப் பார்க்கிறீர்களா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. குச்சிகளை மட்டும் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்தேன். வகுப்பில் பிள்ளைகள் அதிக நேரம் பார்த்தது அந்தப் படத்தைத்தான். பறவையே இல்லாத படம்.

இணையத்தில் கோட்டான் என்று தேடினால், அலகை அகலத் திறந்து கத்தியபடி தலைக்குமேல் பாய்ந்து வரும் படங்கள் நிறைய வரும். "அற்புதம்" என்று கீழே எழுதியிருப்பார்கள். பல படங்களில் அந்தப் பறவை படம் எடுப்பவரைத் தன் குஞ்சுகளிடமிருந்து விரட்டப் பார்க்கிறது. பல ஒளிப்படப் போட்டிகள் கூட்டுப் படங்களை இப்போது ஏற்பதில்லை. நல்ல முடிவு.

ஒரு குஞ்சை மட்டும் பார்க்கக் கிடைத்தது. பாதையின் குறுக்கே அதுவாகவே ஓடியது, பின்னால் அப்பா. முட்டையிலிருந்து வந்த ஒரு நாளிலேயே நடக்கும். ஐந்து வாரத்தில் பறந்துவிடும். தாய் முன்னதாகவே புறப்பட்டுப் போய்விடும், கடைசிவரை பார்த்துக்கொள்வது பெரும்பாலும் தகப்பன்தான். இதை வகுப்பில் சொன்னால் பையன்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். குஞ்சின் அலகு குட்டையாக, ஏறக்குறைய நேராக இருக்கிறது. வளைவு வளர வளரத்தான். "அப்ப இது உள்ளானா டீச்சர்?" என்று கேட்ட ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். அவன் அலகைத்தானே பார்த்தான்.

உலகில் கூடு கட்டும் கோட்டான்களில் ஏறத்தாழ கால்பங்கு பிரிட்டனில் இருக்கிறது. 1990-களின் நடுவிலிருந்து அங்கே ஏறக்குறைய பாதி குறைந்துவிட்டது. 2015-ல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அயர்லாந்தில் 2015 முதல் 2017 வரை நடந்த கணக்கெடுப்பில் 138 இணைகள்தான் கிடைத்தன. முன்பு ஜூலையில் அறுத்த புல்லை இப்போது மே மாதமே அறுக்கிறார்கள். பெரிய பறவைகள் நீண்ட நாள் வாழ்கின்றன, வளையமிட்ட கோட்டான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பதிவு உண்டு. அதனால் குஞ்சு பிழைக்காமல் போவது வெளியே தெரிவதில்லை. குளிர்காலச் சேற்றில் பறவை நிற்கிறது, படமும் நன்றாக வருகிறது, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது.

அப்படித் தோன்றி, ஒரு கோட்டான் போயே போய்விட்டது. மெல்லிய அலகுக் கோட்டான் என்று ஓர் உறவு இதற்கு இருந்தது. மத்தியதரைக் கடலைச் சுற்றிக் குளிர்காலத்தைக் கழிக்கும். மொராக்கோ நாட்டில் மெர்ஜா ஸெர்கா என்ற காயலில் கடைசிச் சில பறவைகள் ஆண்டுதோறும் வந்தன. பல நாடுகளிலிருந்து ஆர்வலர்கள் போய்ப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். 1995 பிப்ரவரிதான் ஐயத்துக்கு இடமில்லாமல் கடைசியாகப் பார்த்தது. குளிர்கால வீடு தெரியும். கூடு கட்டும் வீடு? உஷாகோவ் என்ற ஒரே ஒருவர் 1909 முதல் 1925 வரையான காலத்தில் மேற்கு சைபீரியாவில் தாரா என்ற ஊர்ப்பக்கம் கூடுகளைக் கண்டு எழுதிவைத்தார். அதன்பின் யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1990-களில் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அருங்காட்சியகத் தோல்களில் இருந்த சிறகுகளை வேதியியல் முறையில் ஆராய்ந்து, அவை பெரும்பாலும் கஜகஸ்தானின் வடக்குப் புல்வெளிகளில் முளைத்தவை என்று பிற்பாடு சொன்னார்கள். அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி சோவியத் காலத்தில் கோதுமை வயலாகிவிட்டது. வேட்டையும் சேர்ந்துகொண்டது. 2024-ல் வெளியான ஆய்வு இந்த இனம் அழிந்துவிட்டது என்றது. 2025 அக்டோபரில் உலகச் சிவப்புப் பட்டியலிலும் அப்படியே பதிந்துவிட்டார்கள். அதன் குளிர்காலப் படங்கள் இன்றும் இருக்கின்றன. தெளிவான படங்கள்.

நம் கோட்டானுக்கு இன்னும் அந்த நிலை இல்லை. 2008 முதல் 'அச்சுறு நிலையை அண்மித்த இனம்' என்ற வகையில் இருக்கிறது. கூடு கட்டும் வீட்டுக்கு நாம் எதுவும் செய்ய முடியாது. எட்டு மாத வீடு நம்முடையது. அது இறால் பண்ணைக்கோ குப்பைக்கோ போகும்போது, "சும்மா கிடக்குற இடம்தானே" என்று நம் பிள்ளை சொல்லுமா, "ஆகஸ்டிலிருந்து இங்கே கோட்டான் இருக்கிறது, தேதியோடு படம் இருக்கிறது" என்று சொல்லுமா என்பதில் நமக்குப் பங்கு உண்டு.

நடைமுறைக்கு வருகிறேன். கேமரா இல்லாத பள்ளிகளே அதிகம், தெரியும். செல்போனில் பறவை புள்ளியாகத்தான் வரும். வரட்டும். பறவையை எடுக்காதீர்கள், இடத்தை எடுங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், மாதம் ஒரு படம். பறவைகளை எண்ணி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு மாதத்தில் உங்கள் ஏரியோ கண்மாயோ சேறோ எப்போது நிறைகிறது, எப்போது வற்றுகிறது, யார் வருகிறார்கள் என்று ஒரு சார்ட் கிடைத்துவிடும். உள்மாவட்ட ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோட்டான் இல்லாவிட்டால் உள்ளான், நெடுங்கால் உள்ளான், எதுவும் ஆகும். நெடுங்கால் உள்ளானும் ஆட்காட்டியும் நம் ஊரிலேயே தரையில் முட்டையிடும். அங்கே யார்க்ஷயரின் விதிதான்: கூடு தெரிந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள், இடத்தை இணையத்தில் போடாதீர்கள்.

சரணாலய எல்லைக்குள் போவதானால் வனத்துறை அனுமதி முன்கூட்டியே வாங்குங்கள். பள்ளிக் கடிதத்தாளில் தலைமையாசிரியர் கையொப்பத்தோடு எழுதினால் வேலை எளிது. ஒரு தடவைக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். சேற்றில் வழிகாட்ட உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட வரட்டும். சில இடங்களில் முழங்கால் வரை புதையும். பெற்றோர் ஒப்புதல் கடிதம், குடிநீர், முதலுதவிப் பெட்டி எல்லாம் நீங்கள் அறிந்ததுதான். காலில் வளையமோ கொடியோ உள்ள பறவை படத்தில் விழுந்தால், எழுத்தும் எண்ணும் தெரியுமளவு பெரிதாக்கிப் பார்த்து, தேதி, இடத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள்.

நண்டுப் படங்கள் பன்னிரண்டும், மாதக் கட்டச் சார்ட்டின் மாதிரியும், யார்க்ஷயர் ஒலிப்பதிவும் ஒரு பென் டிரைவில் இருக்கின்றன. தேநீர் இடைவேளையில் முன்வரிசை மடிக்கணினியில் நகலெடுத்துக்கொள்ளலாம். ஒலிப்பதிவில் இரண்டாவது நிமிடத்தில் ஆட்டுச் சத்தம் வரும், அதை வெட்டவில்லை.